யாருடைய பிழை? தானியங்கி விற்பனை இயந்திரத்தில் பிழைத்தடுப்பும் சேவைத்தரமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

விற்பவர் இல்லாத இடத்தில் விற்பனை நடைபெற வேண்டுமாயின், அவர் செய்துவந்த கண்காணிப்பைக் கருவி ஏற்றாக வேண்டும். காசைச் சோதித்தல், பொருளை அளவாகக் கொடுத்தல், மீதி தருதல், தவறு நேர்ந்தால் ஈடுசெய்தல் ஆகிய நான்கும் அக்கண்காணிப்பில் அடங்கும். இவற்றுள் முதற்பணி நூறாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து செம்மைப்படுத்தப்பட்டது. இறுதிப்பணி மிகப் பிந்தியே கவனம் பெற்றது. இவ்வேறுபாட்டை, ஜப்பானியத் தொழில்துறைப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ வகுத்த ‘போகா-யோகே’ என்னும் பிழைத்தடுப்புக் கோட்பாட்டின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. விற்பனை இயந்திரத்தின் சேவைத்தரம் உயர்ந்த வரலாறு என்பது, பிழைத்தடுப்பு உரிமையாளரின் பக்கத்திலிருந்து வாடிக்கையாளரின் பக்கத்திற்கும் விரிந்த வரலாறே என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தானியங்கி விற்பனை இயந்திரம், பிழைத்தடுப்பு, போகா-யோகே, சேவைத்தரம், நாணயச் சோதனை, பணம் வழங்கும் இயந்திரம்.

1. முன்னுரை

கடைக்காரர் செல்லாக்காசைக் கண்டால் திருப்பித் தருகிறார். கொடுத்த பொருள் கைதவறி விழுந்து உடைந்தால் வேறொன்றை எடுத்துத் தருகிறார். மீதிச் சில்லறை குறைந்தது என்று வாங்கியவர் சொன்னால் மறுபடி எண்ணிப் பார்க்கிறார். இவை இயல்பாக நடைபெறுவதால் எவரும் இவற்றைத் தனித்தனிச் சேவைகளாகக் கருதுவதில்லை. ஆனால் கடைக்காரரின் இடத்தில் ஓர் இயந்திரம் நிறுத்தப்படும்போது, இச்செயல்கள் ஒவ்வொன்றும் தனியே திட்டமிட்டு அமைக்கப்பட வேண்டியவையாகின்றன. எது அமைக்கப்படவில்லையோ அது நிகழ்வதில்லை.

இயந்திர விற்பனையில் நேரும் பிழைகளை இருவகைப்படுத்தலாம். வாங்குபவர் பொருந்தாத காசை இடுதல், தவறான விசையை அழுத்துதல், மீதியை எடுக்க மறத்தல் முதலியன வாடிக்கையாளர் பக்கத்துப் பிழைகள். காசைப் பெற்றுக்கொண்டு பொருளைத் தராமை, பொருள் இடையில் சிக்கிக்கொள்ளல், மீதி குறைதல் முதலியன இயந்திரத்தின் பக்கத்துப் பிழைகள். முதல்வகையால் நட்டமடைபவர் பெரும்பாலும் உரிமையாளர். இரண்டாம் வகையால் நட்டமடைபவர் வாடிக்கையாளர். இவ்விரு வகைகளுக்கும் எதிரான காப்புகள் எப்போது, எவ்வரிசையில் உருவாயின என்னும் வினாவே இக்கட்டுரையை வழிநடத்துகிறது.

2. பிழைத்தடுப்புக் கோட்பாடு

1961ஆம் ஆண்டில் ஜப்பானின் யமாடா மின்பொருள் தொழிற்சாலையில் ஷிங்கோ கண்ட சிக்கல் மிக எளியது. இரண்டு அழுத்துவிசைகள் கொண்ட ஒரு சிறு மின்விசையில், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சுருள்வில் வைக்கப்பட வேண்டும். தொழிலாளர்கள் சிலவேளைகளில் ஒன்றை வைக்க மறந்தனர். கவனமாக இருக்குமாறு அறிவுறுத்துவதே அதுவரை தீர்வாகக் கருதப்பட்டது. ஷிங்கோவின் தீர்வு வேறு: வேலையைத் தொடங்கும் முன் இரண்டு சுருள்விற்களை எடுத்து ஒரு சிறு தட்டில் வைக்க வேண்டும், பின்னரே பொருத்த வேண்டும். பொருத்தி முடித்தபின் தட்டில் ஒன்று எஞ்சியிருந்தால், மறதி அக்கணமே தெரிந்துவிடும்.

இம்முறைக்கு முதலில் ‘பாகா-யோகே’, அதாவது ‘மூடர் காப்பு’ என்னும் பெயரே வழங்கியது. 1963இல் அரகாவா வாகனக்கூடு தொழிற்சாலையில் ஒரு பெண் தொழிலாளி இப்பெயரால் மனம் புண்பட்டு அழுததாகவும், அதன்பின் கவனப்பிசகைக் குறிக்கும் ‘போகா’ என்னும் சொல்லைக் கொண்டு பெயரை மாற்றியதாகவும் ஷிங்கோ குறிப்பிடுகிறார். இப்பெயர்மாற்றம் கோட்பாட்டின் உள்ளடக்கத்தோடு தொடர்புடையது. மனிதர் தவறுவது இயல்பு. அத்தவறு குறைபாடாக மாறுவதற்குமுன் அதைத் தடுப்பது அமைப்பின் பொறுப்பு என்பதே இதன் அடிப்படை. பிழை வேறு, குறைபாடு வேறு. பிழை காரணம், குறைபாடு விளைவு.

1986இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தம் நூலில் ஷிங்கோ மூன்று வழிமுறைகளை வகைப்படுத்துகிறார். பொருளின் வடிவம், அளவு முதலியவற்றைக் கொண்டு சோதிப்பது தொடுமுறை. குறித்த எண்ணிக்கை நிறைவுற்றதா எனப் பார்ப்பது எண்ணிக்கை முறை. செயல்கள் குறித்த வரிசையில் நடந்தனவா எனப் பார்ப்பது படிவரிசை முறை. பிழை நேர்ந்தவுடன் செயலையே நிறுத்திவிடும் ‘கட்டுப்படுத்தும்’ காப்புகள், ஒலியாலோ ஒளியாலோ தெரிவிக்கும் ‘எச்சரிக்கும்’ காப்புகள் என்னும் பாகுபாடும் அவருடையதே. இவற்றுள் முன்னது வலியது.

தொழிற்சாலைக்கு உரிய இக்கோட்பாட்டைச் சேவைத்துறைக்கு விரித்தவர்கள் ரிச்சர்ட் சேஸ், டக்ளஸ் ஸ்டூவர்ட் ஆகியோர். ‘சுலோன் மேனேஜ்மென்ட் ரிவியூ’ இதழில் 1994இல் வெளியான கட்டுரையில், சேவை வழங்குபவரின் பிழைகளையும் வாடிக்கையாளரின் பிழைகளையும் அவர்கள் பிரித்துக் காட்டினர். சேவையில் வாடிக்கையாளரும் ஒரு செயற்பாட்டாளர் என்பதால் இப்பிரிப்பு இன்றியமையாதது. விற்பனை இயந்திரமோ இக்கோட்பாடுகள் பெயர் பெறுவதற்கு நெடுங்காலம் முன்பே அவற்றைச் செயலில் கையாண்டு வந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டுமே கையாண்டது.

3. காசைக் காத்தல்

விற்பனை இயந்திரம் பற்றிய மிகப் பழைய குறிப்பு, கி.பி. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியாவின் ஹீரோன் எழுதிய ‘நியூமாட்டிக்கா’ நூலில் காணப்படுகிறது. ஐந்து திராக்மா நாணயத்தைத் துளையில் இட்டால், அது நெம்புகோலின் ஒரு முனையிலுள்ள தட்டில் விழும், மறுமுனை உயர்ந்து அடைப்பைத் திறக்கும், திருநீர் வழியும். தட்டு சாய்ந்து நாணயம் நழுவியதும் அடைப்பு மூடிக்கொள்ளும். அளவாக வழங்கும் காப்பு இதில் உண்டு. ஆனால் விழுந்தது நாணயமா, அதே எடையுள்ள வேறு உலோகத் துண்டா என்பதை இக்கருவி அறியாது.

இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் மதுக்கூடங்களில் வைக்கப்பட்ட பித்தளைப் புகையிலைப் பெட்டிகள் இதற்கு மறுதலையானவை. காசு இட்டால் மூடி திறக்கும்; எவ்வளவு எடுப்பது என்பது எடுப்பவரின் நேர்மையைப் பொறுத்தது. திறந்த மூடியைப் பிறர் பயன்படுத்தாதவாறு மூடிவைக்கும் கடமையும் அவருடையதே. ‘நேர்மைப் பெட்டி’ என்று இவற்றுக்கு வழங்கிய பெயரே, கருவியில் இல்லாத காப்பை மனிதரிடம் எதிர்பார்த்ததைக் காட்டுகிறது.

1880களில் பெர்சிவல் எவரிட் லண்டனில் அஞ்சலட்டை விற்கும் இயந்திரங்களை நிறுவினார். 1888இல் தாமஸ் ஆடம்ஸ் நிறுவனம் நியூயார்க்கின் உயர்மட்ட இரயில் நிலைய மேடைகளில் மெல்லும் பிசின் விற்கும் இயந்திரங்களை வைத்தது. எவரிட் எதிர்கொண்ட முதற்சிக்கல் காசுத்துளை பற்றியது. அதில் காகிதமும் ஆரஞ்சுத் தோலும் திணிக்கப்பட்டன. அவற்றைத் தடுக்கும் திருத்தங்களை அவர் பின்னர் செய்ய நேர்ந்தது. அதன்பின் காசுச்சோதனை ஒரு தனிக்கலையாகவே வளர்ந்தது. துளையின் அகலம் விட்டத்தையும் தடிப்பையும் அளந்தது. சிறு தராசு எடையை அளந்தது. காந்தம் இரும்புத் துண்டைப் பற்றி நிறுத்தியது. இவை யாவும் ஷிங்கோவின் பாகுபாட்டில் தொடுமுறையைச் சேர்ந்தவை. எச்சரிப்பவையாக அல்லாமல் கட்டுப்படுத்துபவையாக அமைந்தவை.

4. காசே இயந்திரத்திற்கு இணங்குதல்

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாணயச் சோதிப்பான்கள் உலோகத்தின் மின்கடத்து திறனையும் அறிந்தன. காந்தத்தைக் கடந்து உருளும் நாணயத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றி அதன் வேகத்தைக் குறைக்கும். வெள்ளி நன்கு மின்கடத்துவதாகையால் மிகுதியாக வேகம் குறையும். ஈயம் முதலிய மட்ட உலோகத் துண்டு வேகமாகப் பாய்ந்து வேறு வழியில் விழும்.

வெள்ளித் தட்டுப்பாட்டால் 1965ஆம் ஆண்டு நாணயச் சட்டம் 10 சென்ட், 25 சென்ட் நாணயங்களிலிருந்து வெள்ளியை முற்றிலும் நீக்கியபோது இச்சோதிப்பான்கள் ஒரு பெருந்தடையாயின. நாடெங்கும் உள்ள இயந்திரங்களை மாற்றுவதைவிட நாணயத்தை அவற்றுக்கு இணங்கச் செய்வதே தெரிவு செய்யப்பட்டது. தூய செம்பு உள்ளகத்தின் இருபுறமும் செம்பு-நிக்கல் கலவைத் தகடு பொதிந்த நாணயம் உருவாயிற்று. அதன் மின்பண்பு பழைய வெள்ளி நாணயத்தை ஒத்திருந்ததால் பழையதும் புதியதும் ஒரே சோதிப்பானில் ஏற்கப்பட்டன.

1979இல் வெளியான சூசன் பி. ஆண்டனி டாலர் நாணயத்திலும் இச்செல்வாக்கு தெரிகிறது. அதற்கு முதலில் எண்ணப்பட்டது பதினொரு பக்க வடிவம். அது இயந்திரங்களில் உருளாது என்பதால் கைவிடப்பட்டு, வட்ட நாணயத்தின் உள்விளிம்பில் மட்டும் பதினொரு பக்கக் கோடு பொறிக்கப்பட்டது. 26.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்நாணயத்தையும் ஏறத்தாழ 24.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள 25 சென்ட் நாணயத்தையும் மக்கள் கையில் வேறுபடுத்த இடர்ப்பட்டனர். இயந்திரம் பிழை செய்யாதிருக்க எடுத்த முடிவு, மனிதர் பிழை செய்வதற்கு வழிகோலியது எனலாம்.

5. திருப்பித் தரும் நெம்புகோல்: ஜப்பானிய அனுபவம்

காசுச்சோதனையின் வரலாற்றில் வாடிக்கையாளர் நலனும் உரிமையாளர் நலனும் நேருக்குநேர் மோதிய இடம் ஜப்பான். அங்கு 1982இல் 500 யென் நாணயம் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் தென்கொரியா 500 வோன் நாணயத்தை வெளியிட்டது. இரண்டும் செம்பு-நிக்கல் கலவை. இரண்டின் விட்டமும் 26.5 மில்லிமீட்டர். யென் நாணயத்தின் எடை 7.2 கிராம், வோன் நாணயத்தின் எடை 7.7 கிராம். வோன் நாணயத்தின் மதிப்போ யென் நாணயத்தின் மதிப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 1990களின் பிற்பகுதியில், வோன் நாணயத்தைச் சிறிது துளையிட்டோ தேய்த்தோ எடையைக் குறைத்து இயந்திரங்களை ஏமாற்றும் முறைகேடு பரவியது.

இம்முறைகேட்டில் பொருள் வாங்கப்படவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. திருத்தப்பட்ட வோன் நாணயத்தை இட்டு, திருப்பித் தரும் நெம்புகோலை அழுத்தினால், இயந்திரம் தன் இருப்பிலிருந்து உண்மையான 500 யென் நாணயத்தைத் தந்தது. மனம் மாறிய வாடிக்கையாளருக்கு உதவ அமைக்கப்பட்ட நெம்புகோலே மோசடியின் வாயிலாயிற்று.

இச்சிக்கலை எளிதில் தீர்ப்பதாயின் நெம்புகோலை நீக்கியிருக்கலாம். அதன் சுமை நேர்மையான வாடிக்கையாளர் மீது விழுந்திருக்கும். மாறாக, இட்ட நாணயத்தை உடனே இருப்பில் சேர்க்காமல் இடைத்தங்கலில் வைத்து, திருப்பும்போது அதே நாணயத்தைத் தரும் அமைப்பு பின்பற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டில் 500 யென் நாணயமே நிக்கல் பித்தளையில், 7 கிராம் எடையில், புதிதாக வார்க்கப்பட்டது. 2021இல் இருநிற நாணயமாக மீண்டும் மாற்றப்பட்டது. இடைத்தங்கல் முறை சிறந்த பிழைத்தடுப்பின் இலக்கணத்தைக் காட்டுகிறது: ஒருவரைக் காப்பதற்காக மற்றவருக்குரிய உதவியைப் பறிக்காமை.

6. பொருளைக் காத்தல்

காசின் பக்கத்தில் இத்துணை நுட்பம் வளர்ந்த காலத்தில், பொருளின் பக்கம் எவ்வாறிருந்தது? 1902இல் பிலடெல்பியாவில் ஹார்ன்-ஹார்டார்ட் நிறுவனம் தொடங்கிய ‘ஆட்டோமாட்’ உணவகம் ஒரு நல்ல தொடக்கம். கண்ணாடிக் கதவிட்ட சிற்றறைகளில் உணவு வைக்கப்பட்டிருக்கும். காசு இட்டுக் குமிழைத் திருப்பினால் கதவு திறக்கும். வாங்குபவர் பொருளைக் கண்ணால் கண்டபின் காசு இடுகிறார். தம் கையால் எடுக்கிறார். பொருள் சிக்குவதற்கு இடமே இல்லை. சுவருக்குப் பின்னால் பணியாளர்கள் இருந்து காலியான அறைகளை நிரப்பினர். கடைக்காரர் மறைந்தாரேயன்றி நீங்கவில்லை.

பணியாளரும் நீங்கிய இயந்திரங்களில் நிலைமை மாறியது. சிற்றுண்டிப் பொட்டலங்களைச் சுருள்கம்பிகளுக்கு இடையே வரிசையாக வைத்து விற்கும் இயந்திரத்தில், விசையை அழுத்தியதும் சுருள் ஒரு சுற்று சுழலும். முன்னுள்ள பொட்டலம் கீழே விழும். சுருள் சுழன்று முடிந்ததும் விற்பனை முடிந்ததாக இயந்திரம் கொள்கிறது. பொட்டலம் கம்பியிலோ கண்ணாடியிலோ சாய்ந்து நின்றாலும் அதன் கணக்கில் விற்பனை முடிந்ததே. காசைப் பொறுத்தவரை விட்டம், எடை, உலோகம் என மும்முறை ஐயுற்ற இயந்திரம், தன் செயலைப் பொறுத்தவரை ஒருமுறையும் ஐயுறவில்லை.

இதன் விளைவு பணநட்டத்தோடு நிற்கவில்லை. குளிர்பான இயந்திரங்களை உலுக்கியபோது அவை கவிழ்ந்து விழுந்ததால் காயமுற்ற 15 பேரைப் பற்றிய ஆய்வு 1988இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. அவர்களுள் மூவர் இறந்தனர். 1978 முதல் குறைந்தது 37 பேர் இவ்வாறு இறந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1990களின் நடுவில் அறிவித்தது. இலவசமாகப் பானமோ பணமோ பெறும் நோக்கில் உலுக்கியவர்களைப் பற்றியே அவ்வறிவிப்பு முதன்மையாகப் பேசியது. ஆயினும் உலுக்கினால் பொருள் விழும் என்னும் அறிவு, பொருள் சிக்கும் இயந்திரத்திலிருந்தே கற்கத்தக்கது. ஏமாற்ற எண்ணியவரும் ஏமாந்து நின்றவரும் ஒரே செயலில் இறங்கும் நிலையை அவ்வமைப்பு உண்டாக்கியது.

ஆணையமும் தொழில்துறையும் மேற்கொண்ட நடவடிக்கைகளுள் எச்சரிக்கை ஒட்டிகள் முதன்மையானவை. ஷிங்கோவின் பாகுபாட்டில் இவை எச்சரிக்கும் வகையிலும் மெலிந்தவை; ஏனெனில் பிழை நேரும் கணத்தில் இவை செயற்படுவதில்லை, எப்போதும் ஒரே நிலையில் ஒட்டப்பட்டிருக்கின்றன. இயந்திரத்தைச் சுவரோடு பிணைப்பது கட்டுப்படுத்தும் காப்பு. உலுக்கவேண்டிய தேவையையே நீக்குவது அதனினும் வேர்நிலைக் காப்பு.

அவ்வேர்நிலைக் காப்பு அகச்சிவப்பு உணரியின் வடிவில் வந்தது. பொருள் விழும் வழியில் கண்ணுக்குத் தெரியாத கதிர்த்திரை அமைக்கப்படுகிறது. பொருள் கதிரை மறித்தால் விற்பனை முடிந்தது. மறிக்காவிட்டால் சுருள் மேலும் சுழலும். அப்போதும் விழாவிட்டால் பணம் திருப்பப்படும் அல்லது வேறு பொருளைத் தெரிவுசெய்ய இயலும். கருவியாக நோக்கின் இது சிறியது. கருத்தாக நோக்கின் பெரியது. ‘சுருள் சுழன்றது’ என்பதாக இருந்த விற்பனையின் வரையறை ‘பொருள் விழுந்தது’ என்பதாக மாறியது. தன் செயலை அன்றி அதன் விளைவைச் சான்றாகக் கொள்ள இயந்திரம் கற்றது.

7. பணம் வழங்கும் இயந்திரம்

விற்பனை இயந்திரத்தின் மிக நெருங்கிய உறவு பணம் வழங்கும் இயந்திரம். 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி அதனை நிறுவியது. அதனை உருவாக்கியவராகப் பெரிதும் அறியப்படும் ஜான் ஷெப்பர்டு-பேரன் பிறந்தது இந்தியாவின் ஷில்லாங்கில். மிட்டாய் விற்கும் இயந்திரமே தமக்குத் தூண்டுகோலாயிற்று என்று அவர் கூறியுள்ளார்.

பின்னர் வந்த அட்டை இயந்திரங்களில் இருபக்கப் பிழைகளும் தெளிவாகப் புலப்படுகின்றன. பணத்தை முதலிலும் அட்டையைப் பின்னரும் தந்தால், வந்த நோக்கம் நிறைவேறியவுடன் மக்கள் அட்டையை மறந்து செல்கின்றனர். முதன்மை நோக்கம் முடிந்தபின் எஞ்சும் படியை மறக்கும் இப்போக்கை உளவியலாளர்கள் தனிவகைப் பிழையாக ஆராய்ந்துள்ளனர். அட்டையை எடுத்த பின்னரே பணம் வரும் என வரிசையை மாற்றியமைத்தது படிவரிசை முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. எவருக்கும் அறிவுரை கூறாமல், எந்த ஒட்டியும் ஒட்டாமல், மறதிக்கு இடமே இல்லாமற் செய்தது அது.

மறுபக்கப் பிழை, கணக்கில் கழிக்கப்பட்டும் பணம் வாராமை. இதனைச் சுருள் சுழன்றும் பொருள் விழாமைக்கு ஒப்பிடலாம். இந்தியாவில் இச்சிக்கலை ரிசர்வ் வங்கியின் விதிகள் படிப்படியாக அணுகியுள்ளன. பணத்தைத் திரும்ப வரவுவைக்க 2009இல் 12 வேலைநாட்கள் காலவரம்பு இருந்தது. 2011இல் அது 7 வேலைநாட்களாயிற்று. 2019 செப்டம்பர் 20ஆம் நாளிட்ட சுற்றறிக்கை, பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தொகை தானாகவே திரும்ப வேண்டும் என்றும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்றும் வகுத்தது. வாடிக்கையாளர் முறையிடும்வரை காத்திராமல் இழப்பீடு தரப்படவேண்டும் என்பது இதன் முதன்மையான கூறு. விதி நேரடியாகப் பிழையைத் தடுப்பதில்லை. ஆனால் பிழையின் விலையை, அதனைத் தடுக்கும் ஆற்றல் உடையவர் மீது சுமத்துகிறது.

8. மஞ்சப்பை இயந்திரமும் பத்து ரூபாய் நாணயமும்

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக 2022இல் சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய்க்குத் துணிப்பை வழங்கும் தானியங்கி இயந்திரம் நிறுவப்பட்டது. 10 ரூபாய் நாணயத்தை இது ஏற்பது ஒரு தனிக் கவனத்திற்குரியது. வெவ்வேறு வடிவமைப்புகளில் வெளியான 10 ரூபாய் நாணயங்களுள் சில செல்லாதவை என்னும் வதந்தியால், கடைகளிலும் பேருந்துகளிலும் அவற்றை வாங்க மறுக்கும் வழக்கம் பரவியிருந்தது. 14 வடிவமைப்புகளும் செல்லுபடியாகும் என ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 17 அன்று விளக்க நேர்ந்தது. நாணயச் சோதிப்பான் வதந்தியை அறியாது. அளவையும் உலோகத்தையுமே அறியும். காசின் பக்கத்தில் மனிதர் தவறிய இடத்தில் கருவி தவறுவதில்லை. பொருளின் பக்கத்திலும் அத்தகைய உறுதி அமையும்போதே இத்தகைய பொதுநல இயந்திரங்களின் சேவைத்தரம் முழுமை பெறும்.

9. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். முதலாவது, விற்பனை இயந்திரத்தில் பிழைத்தடுப்பு, அக்கோட்பாடு பெயர் பெறுவதற்கு முன்பே இருந்தது. ஆனால் அது உரிமையாளரின் காசைக் காப்பதில் தொடங்கி, அதிலேயே நெடுங்காலம் நின்றது. இரண்டாவது, ஒருபக்கக் காப்பு மறுபக்கத்தில் பிழையை உண்டாக்கக்கூடும். ஆண்டனி டாலரும் கவிழ்ந்த குளிர்பான இயந்திரங்களும் இதற்குச் சான்று. மூன்றாவது, நிலைத்துநின்ற தீர்வுகள் இருவரையும் ஒருங்கே காத்தன. இட்ட நாணயத்தையே திருப்பும் இடைத்தங்கல், அட்டையை முதலில் தரும் வரிசை, பொருள் விழுவதைக் காணும் கதிர்த்திரை ஆகியன அத்தகையவை.

எனவே ஓர் இயந்திரத்தின் சேவைத்தரத்தை மதிப்பிடுகையில், அது எத்தனை வகைப் பொருள்களைத் தருகிறது, எவ்வளவு விரைவாகத் தருகிறது என்னும் அளவைகளோடு மற்றொன்றையும் சேர்க்க வேண்டும். வாங்குபவரின் காசை ஐயுறும் அளவிற்குத் தன் செயலையும் அது ஐயுறுகிறதா என்பதே அது. மனிதர் அருகில் இல்லாத சேவைகள் பெருகிவரும் இக்காலத்தில், பிழை நேரும்போது அதன் சுமை யார்மீது விழுமாறு அமைப்பு கட்டப்பட்டுள்ளது என்னும் வினா விற்பனை இயந்திரத்தோடு முடிவதன்று.